ஆணியில் மாட்டிய நைட்டி

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குக் குமணன்சாவடி வந்துவிட்டு, காட்டுப்பாக்கம் வீட்டுக்குத் திரும்பி, வேர்வையில் ஊறிய சட்டையைக் கழற்றி மாட்டலாம் என்று குளியலறைக் கதவுக்குப் பின்னால் கையை நீட்டினேன். கொக்கியில் என் மனைவியின் நைட்டி தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவசரமாகப் புடவைக்கு மாறியபோது மாட்டியிருக்கிறாள். நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. தேங்காய் எண்ணெய், முகப் பவுடர், கொஞ்சம் சமையல், கொஞ்சம் வேர்வை. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அந்த வாசனை மாறவில்லை. சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு நைட்டியைப் பார்த்து நான் ஏன் நிற்கிறேன் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர் என்று நினைத்திருந்தேன். நீ ஒருவன், நான் ஒருவன். நீ போய்விட்டாய்.

உன் வீட்டு மொட்டை மாடிப் பந்தலில் நல்ல சாப்பாடு. நீ இருந்திருந்தால் சாம்பாரைக் குறை சொல்லியிருப்பாய். எதிர்ப் பந்தியில் நம் செக்ஷன் ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பல் போனவர்கள், சர்க்கரை வந்தவர்கள், மகன் வெளிநாட்டில் இருப்பதை இலை போடுவதற்குள் மூன்று முறை சொன்னவர்கள். துக்க வீடு என்பதால் கொஞ்ச நேரம் அடக்கமாக இருந்தார்கள். வடை வந்ததும் அடக்கம் போய்விட்டது.

"இன்னா ஆயாம்மா, இப்டி எளச்சுட்டே?"

"ஆயாம்மாவுக்கு இன்னொரு வடை வைப்பா. கொயந்தைக்குப் பால் குடுத்த ஒடம்பு!"

என் பக்கத்தில் மகளும், அவளுக்கு அப்பால் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது மகளுக்கு நாலு வயது. இந்தப் பெயர் அவளுக்குப் புதிது. "ஏம்ப்பா உங்களை ஆயாம்மாங்கறாங்க?" என்று கேட்டாள். "சாப்பிடு" என்றேன்.

கை கழுவும் இடத்தில் உன் மகன் பிடித்துக்கொண்டான். "மாமா, அப்பாவுக்கு ஒரு நினைவு மலர் போடறோம். நீங்க எழுதறவரு. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அழுவாச்சியா வேணாம், அப்பா மாதிரி சிரிப்பா இருக்கட்டும்." சரி என்று தலையாட்டினேன். அந்தப் பக்கத்தை எழுதுவதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன். இது மலருக்கு அல்ல, உனக்கு.

எண்பதுகளின் பிற்பாதி. நாம் இருவரும் ஒரே மெஷின் ஷாப்பில் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்றோம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவன். நீ பூந்தமல்லிப் பக்கத்துக்காரன், உன் அப்பா நாற்று நட்ட நிலத்தைத் தாண்டித்தான் நீ சைக்கிளில் தொழிற்சாலைக்கு வந்தாய். அதைப் பற்றிப் பெருமையோ வருத்தமோ உன்னிடம் இருந்ததில்லை. "எங்க நைனா சேத்துல நின்னாரு, நான் ஆயில்ல நிக்கறேன். வழுக்கி வுழாம நிக்கணும், அவ்ளோதான்" என்பாய். குவார்ட்டர்ஸில் உன் ஜன்னலும் என் ஜன்னலும் எதிரெதிரே இருந்தன. உன் மனைவி சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. காலை எட்டு மணிக்குப் போனால் மூன்றுக்குத்தான் வருவாள். நீ எப்போதும் செகண்ட் ஷிஃப்ட் கேட்டு வாங்குகிறவன். பத்து மணி வரை தூங்கி, எழுந்ததும் என் வீட்டுக்கு வந்து என் காசில் வாங்கிய பேப்பரை எனக்கு முன்னால் படித்துவிடுவாய். உன் காலைக் கடன்களில் அதுவும் ஒன்று.

என் மனைவிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றும் வேலை. மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்று எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் கோளாறு. பேசிக்கொண்டே எண்ணுவாள், பாட்டுக் கேட்டுக்கொண்டே எண்ணுவாள், எண்ணிக்கை தவறாது. மூன்று வருடமாகத் தற்காலிகம். பிரசவத்துக்குப் போனவளைக் கம்பெனி திரும்ப அழைத்துக்கொண்டதே பெரிய விஷயம். ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஆறு மாதம் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தால் பர்மனன்ட். லைனில் மூத்தவள் ஓய்வு பெறப் போகிறாள், அடுத்த சூப்பர்வைசர் நீதான் என்று மேனேஜர் வாயாலேயே சொல்லியிருந்தார். அவள் அன்று வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தை எனக்கு நாலு முறை சொன்னாள். நாலு முறையும் அதே சொற்கள்.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? அவளுக்கு அம்மா இல்லை. என் அம்மாவுக்கு எழுதினேன். இன்லேண்ட் லெட்டரில் பதில் வந்தது: உன் பெண்டாட்டி சம்பாதிக்கப் போக, நான் வந்து ஆயா வேலை பார்க்கணுமா? கடிதத்தின் மீதி இடத்தில் எல்லோருடைய நலமும் விசாரிக்கப்பட்டிருந்தது.

ஆகவே ஷிஃப்டுகளைக் கொண்டு ஒரு குடும்பம் கட்டினோம். அவளுக்குக் காலை ஆறு முதல் இரண்டு. பஸ் பிடித்து இரண்டே முக்காலுக்கு வீடு. எனக்கு மூன்றரைக்கு செகண்ட் ஷிஃப்ட். நடுவில் முக்கால் மணி நேரம் கணவன் மனைவி. மகள் மூன்று மாதக்காரி, ஏற்கெனவே புட்டிப்பால் பழகியிருந்தாள். முதல் மூன்று வாரம் எந்தச் சிக்கலும் இல்லை. பாட்டிலைக் கொதிக்க வைத்து, டப்பா மாவைக் கலக்கி, புறங்கையில் சொட்டு விட்டுச் சூடு பார்த்து, நீட்டினால் குடித்தாள். குழந்தை வளர்ப்பது பற்றிப் பெண்கள் இவ்வளவு அலட்டிக்கொள்வது ஏன் என்று எனக்குள் ஒரு கட்டுரையே தயாராகிக்கொண்டிருந்தது.

நாலாவது வாரம் திங்கட்கிழமை மகள் வாயை மூடிக்கொண்டாள்.

அது சும்மா மூடல் அல்ல. நிப்பிள் உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்து, காலால் என் வயிற்றில் உதைத்தாள். புது நிப்பிள் மாற்றினேன். பழையதில் ஊசியைச் சுட்டு ஓட்டையைப் பெரிதாக்கினேன். பசும்பாலில் தண்ணீர் கலந்து பார்த்தேன். பாலாடையில் ஊற்றினேன், பாதி கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது, மீதியை என் முகத்தில் தும்மினாள். நடந்துகொண்டே கொடுத்தேன், உட்கார்ந்து கொடுத்தேன், ரேடியோ போட்டுக் கொடுத்தேன். காலை ஆறிலிருந்து இரண்டே முக்கால் வரை அவள் அழுதாள், களைத்துத் தூங்கினாள், எழுந்து பசியோடு அழுதாள். டிஸ்பென்சரி டாக்டர் வாயையும் காதையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல. பசிச்சா தானா குடிக்கும்" என்றார். அவள் பசித்துத்தான் அழுகிறாள் என்பதை ஒரு படித்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி இரண்டே முக்காலுக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடி வருவாள். ரவிக்கை நனைந்து, அதை மறைக்க ஹேண்ட்பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவாள். கம்பெனிக் கழிவறையில் பாலைப் பிழிந்து கொட்டிவிட்டு வந்து மறுபடி கம்பி சுற்றினேன் என்று ஒருமுறை சொன்னாள். செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள். வீட்டில் குழந்தை பாலுக்கு அழுகிறது, ஆறு மைலுக்கு அந்தப் பக்கம் பால் சாக்கடையில் போகிறது. இதற்குத்தான் நாங்கள் ஷிஃப்டுகளை இவ்வளவு கச்சிதமாக அமைத்திருந்தோம்.

நாலாம் நாள் காலை, ஒன்பது மணி இருக்கும். அழுது அழுது தொண்டை கட்டியிருந்த குழந்தையைக் கட்டிலில் போட்டேன். அவள் அம்மா விடியற்காலையில் கழற்றிப் போட்ட நைட்டி அங்கே கிடந்தது. குழந்தை அதன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மூக்கை அதற்குள் புதைத்து, வாயைத் திறந்து தேடினாள். மூன்று நாளாக என்னிடம் திறக்காத வாய்.

நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தூக்கினேன். கொஞ்சம் குடித்தாள், துணி நழுவியது, நிறுத்திவிட்டாள். மறுபடி போட்டேன், மறுபடி நழுவியது. மூன்றாவது முறை, கதவைத் தாழிட்டுவிட்டு, அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டேன்.

காவி நிறத்தில் பெரிய பெரிய பூப் போட்ட நைட்டி. எனக்குத் தோளில் இறுக்கம், கெண்டைக்கால் வரைதான் வந்தது. எனக்கு அப்போது நல்ல மீசை. கண்ணாடியில் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் மடியில் என் மகள் பாட்டிலைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, என் தோளில் கொஞ்சம் கக்கிவிட்டு, தூங்கிப்போனாள்.

மனைவி வந்ததும் சொன்னேன். வாயில் கை வைத்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "போட்டுக் காட்டுங்க" என்றாள். மாட்டேன் என்றேன். மறுநாள் முதல் விடியற்காலையில் குளித்துப் புடவை கட்டியதும், இரவு போட்டிருந்த நைட்டியைத் துவைக்கப் போடாமல், கட்டிலுக்கு மேலே இருந்த ஆணியில், நான் எட்டி எடுக்கத் தோதாகக் கழுத்துப் பக்கம் விரித்து மாட்டிவிட்டுப் போவாள். துவைத்தால் வாசனை போய்விடும். மதியம் வந்து, தோளில் பால் கறை படிந்த அதை எடுத்துத் துவைத்துக் காயப் போடுவாள். அந்த நாட்களில் நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதைவிட அந்த ஆணி வழியாகப் பேசிக்கொண்டதுதான் அதிகம்.

பதினோராம் நாள், பத்து மணிக்கு, நீ பேப்பருக்கு வந்தாய். மற்ற நாட்களில் நீ தட்டினால் கழற்றிவிட்டுத் திறப்பேன், அன்று தாழ்ப்பாளை நான் போட மறந்திருந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவன் நின்றாய். நான் நாற்காலியில், நைட்டியில், குழந்தையோடு. எழுந்தால் பாட்டில் நழுவும். எழவில்லை. நீ சிரிக்கவில்லை. கிட்டே வந்து குழந்தை குடிப்பதைக் குனிந்து பார்த்தாய்.

"நல்லா குடிக்குதே மாமே" என்றாய்.

"அவங்கம்மா வாசனை இருந்தாத்தான் குடிக்கிறா."

"அதான பாத்தேன். பேப்பர் எங்க கீது?"

எடுத்துக்கொண்டு போய்விட்டாய். போகும்போது கதவை நீயே மெதுவாகச் சாத்தினாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியும் ஒரு நண்பன் என்று நினைத்தேன். மனித குலத்தைப் பற்றி நான் வைத்திருந்த தாழ்ந்த அபிப்பிராயத்தை அன்று எட்டு மணி நேரம் தள்ளி வைத்திருந்தேன்.

ஆறு மணி டீ இடைவேளையில் கேன்டீனில் நீ நடித்தாய். ஷாப்பிலிருந்து ஒரு ஆயில் கேனைக் கொண்டுவந்திருந்தாய். ரிஜெக்ட் ஆன வார்ப்புத் துண்டு ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தாய். அதாவது, இது டீ குடிக்கும்போது தற்செயலாகத் தோன்றியது அல்ல, முன்னேற்பாடு நடந்திருக்கிறது. மேசை துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாய். குரலை மெலியவைத்தாய்.

"கண்ணு, ஒரே ஒரு வாய்டி. அம்மா வந்துகீறேன் பாரு. மேல பாக்காத, மேல மீசை கீது. நைட்டிய மட்டும் பாரு!"

கேன்டீன் இடிந்தது. டீ ஊற்றுகிறவர் டீயைக் கீழே ஊற்றினார். ஃபோர்மேன், சிரிப்பதே அபராதத்துக்குரியது என்று நினைக்கிறவர், திரும்பி நின்று தோளைக் குலுக்கினார்.

"டேய் ஆயாம்மா, எங்க ஊட்டுக்கும் ஒரு நாள் வந்துட்டுப் போ!"

"நைட்டி எந்தக் கடைல எடுத்த? எங்க ஊட்ல கேக்கறா!"

நானும் சிரித்தேன். சிரிக்காதவனைத்தான் கூட்டம் கடைசி வரை விடாது என்று எனக்குத் தெரியும். அதனால் எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். நீ நன்றாக நடித்தாய். உண்மையைச் சொன்னால், குழந்தை பாலைக் கக்குவதை நீ செய்து காட்டிய விதம் எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் காலை ஆணியிலிருந்து நைட்டியை எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜன்னலைச் சாத்தினேன். வெளியே பால் பூத் வரிசையில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பற்றியல்ல, எதைப் பற்றியோ. தாழ்ப்பாளை இரண்டு முறை சரிபார்த்தேன். பார்ப்பதற்கு யாரும் இல்லை. நாலு மாதக் குழந்தையும் நானும்தான். ஆனால் அந்த அறையில் ஒரு கேன்டீன் முழுக்க உட்கார்ந்திருந்தது. நைட்டியை ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டு, என் சட்டையோடு பாட்டிலைக் கொடுத்தேன். என் மகள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று இரண்டே முக்காலுக்கு மனைவி ஓடி வந்தபோது நான் ஒரு பொய் சொன்னேன்.

"இன்னைக்கு நைட்டியும் வேண்டாங்கறா. கண்டுபிடிச்சுட்டா போல."

சொன்ன விதத்தில் ஒரு நகைச்சுவையும் சேர்த்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தையை மாரோடு அணைத்தபடி, மற்றொரு கையால் ஆணியிலிருந்த நைட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "வேற நைட்டி மாத்திப் பாப்போம்" என்றாள். மறுநாள் வேறொன்று மாட்டினாள். அதற்கு மறுநாள் வேறொன்று. ஒவ்வொரு நாளும் வந்ததும் கேட்பாள்: "இன்னைக்கு?" ஒவ்வொரு நாளும் நான் உதட்டைப் பிதுக்கினேன். குழந்தையின் கன்னம் வற்றியது. தொட்டிலில் அழக்கூடத் தெம்பில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தலைக்கு மேலே ஆணியில் நைட்டி தொங்கியது. கையை நீட்டினால் போதும். நான் நீட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து சைக்கிள் ஸ்டாண்டில் நீ என்னை நிறுத்தினாய்.

"கொயந்த எப்டி கீது? எங்க ஊட்ல பாத்துட்டு வந்து துணிமாரி கீதுன்றா."

"பால் குடிக்கல."

"நைட்டி?"

"விட்டுட்டேன்."

"வுட்டுட்டியா? ஏன்?"

நான் பையில் சாவியைத் தேடினேன். உனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. உன் முகம் அப்படி ஆனதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"யோவ், நான் சோக்குக்குப் பண்ணேன்யா. சிரிக்கறவன் சிரிச்சுட்டுப் போறான், கொயந்த குடிச்சுட்டுப் போவுது. இதுக்கா வுட்ட?"

நான் சைக்கிளைப் பூட்டினேன். பூட்டிய சைக்கிளை மறுபடியும் பூட்டினேன்.

"சரி, நாளைக்குக் காலைல நான் வரேன். ஆறு மணிக்கே வரேன், தூக்கம் போனா போவுது. எங்கிட்ட குடு, நான் போட்டுகினு குடுக்கறேன். எனக்கின்னா வெக்கம்? வேணும்னா கேன்டீன்லயே போட்டுகினு வந்து நிக்கறேன்."

நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செய்திருப்பாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "என் பொண்டாட்டி நைட்டியை நீ போடுவியா?" என்று கத்தினேன். கோபம் வந்ததுபோல் நடித்தேன், உன்னளவு இல்லாவிட்டாலும் நன்றாகவே நடித்தேன். நீ உன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய். அந்தப் பேச்சை நீ யாரிடமும் சொல்லவில்லை. அன்று முதல் என்னை ஆயாம்மா என்று கூப்பிடவும் இல்லை. ஆனால் பெயர் உன் கையை விட்டுப் போய்விட்டிருந்தது. சாக்பீஸால் என் லேத்தில் எழுதினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என் சொந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளவே சில மாதங்கள் ஆயின.

மறுநாள் என் மனைவி வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதினாள். ஆறு மாதத்தில் நாலரை மாதம் பாக்கி இருந்தது. முதலில் பென்சிலில் எழுதி என்னிடம் திருத்தக் கொடுத்தாள். நான் நாலு புத்தகம் படித்தவன். இரண்டு பிழை திருத்தினேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்பதற்கு முன்னால் 'தவிர்க்க முடியாத' என்று சேர்த்தேன். வாக்கியம் நன்றாக அமைந்தது.

இரண்டே வாரத்தில் குழந்தையின் கன்னம் திரும்பி வந்தது. வேலையை விட்டது நல்ல முடிவு என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். என் அம்மா வந்து இரண்டு மாதம் தங்கினாள், இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது என்றாள். என் மனைவியின் லைனில் அவளுக்குப் பின்னால் நின்றவள் சூப்பர்வைசர் ஆனாள். என் மனைவி டி.வி. பார்க்கும்போது மடியில் வலது கை விரல்கள் தாமாகச் சுற்றும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும், இல்லாத கம்பியை இல்லாத கட்டையில். வருடக்கணக்காகச் சுற்றின. ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் நான் உன்னை நினைத்துக்கொள்வேன். நீ அந்த ஆயில் கேனை எடுத்து வராதிருந்தால் என்று ஆரம்பிப்பேன். அது வசதியான ஆரம்பம். அங்கே ஆரம்பித்தால் நான் வருகிற இடம் வருவதற்குள் தூக்கம் வந்துவிடும்.

நாம் சண்டை போடவில்லை. அடுத்தடுத்த லேத்தில் இன்னும் இருபது வருடம் நின்றோம். உன் மகன் கல்யாணத்தில் நான் பந்தி பார்த்தேன், என் மகள் கல்யாணத்தில் நீ. நான் உன்னை மன்னிக்கவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். எதற்காக மன்னிக்கவில்லை என்பதும் உனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கேலி செய்ததற்காக அல்ல. சைக்கிள் ஸ்டாண்டில் நீ சொன்னது சரியாக இருந்ததற்காக. இதற்கிடையில் நான் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்து, மந்திரிகளையும் அதிகாரிகளையும் கிண்டல் செய்து, பயமில்லாத பேனா என்று பெயர் வாங்கினேன். நீ ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டாயாம், உன் மகன் சொன்னான். ஒரு முறைகூட என்னிடம் அவற்றைப் பற்றிப் பேசியதில்லை. நாசூக்கு என்று ஒன்று உன்னிடமும் இருந்திருக்கிறது.

என் ஓய்வு விழாவில் ஆறு பேர் பேசினார்கள். ஐந்து பேர் ஆயாம்மா என்றார்கள், அன்போடுதான். நீ மட்டும் என் முழுப் பெயரைச் சொல்லி, மாலை போட்டு, உட்கார்ந்துவிட்டாய். இவன் இன்றைக்கு ஜோக் அடிக்கவில்லையே என்று கூட்டம் ஏமாந்தது.

இன்று மதியப் பந்திக்கு வருகிறேன். நான் "சாப்பிடு" என்று சொன்ன பிறகும் மகள் விடவில்லை. இலைக்கு மேல் குனிந்து எதிரே இருந்தவர்களையே கேட்டாள். அவர்கள் சொன்னார்கள். நீ நடித்ததையும் ஒருவர் நடித்துக் காட்டினார், உன் கால்தூசு பெறாது. மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள். "அப்பா! நிஜமாவா? அந்தக் காலத்துலயா? எங்க ஆபீஸ்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நீங்க கிரேட்ப்பா!" முப்பது வருட அவமானம் இப்போது பதக்கமாகிவிட்டிருந்தது. அதைக் குத்திக்கொள்ளவும் எனக்குத் தகுதி இல்லை.

"எத்தனை நாள்ப்பா அப்படிக் குடுத்தீங்க?"

நான் தண்ணீர் குடித்தேன். மனைவிதான் பதில் சொன்னாள், இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே.

"பதினோரு நாள்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வேண்டாம்னுட்டே."

பதினோரு நாள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. காயில் சுற்றுகிறவள் எண்ணியிருக்கிறாள். அது எனக்கு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் உறைத்தது. காட்டுப்பாக்கம் வரும் வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், நான் டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்படித்தான் குளியலறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. அவள் துண்டு எடுக்க வந்தாள். என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள்.

"குழந்தை வேண்டாம்னு சொல்லலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "போட்டிருந்தா தோள்ல பால் இருக்கும். மறுநாள்லேருந்து நான் மாட்டின மடிப்புகூடக் கலையல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா போட்டிருப்பீங்களா?" துண்டை உதறினாள். "ஏழு நாள் மாட்டி வெச்சேன். நாளைக்காவது எடுப்பீங்கன்னு."

போய்விட்டாள். சமையலறையில் பாத்திரம் நகர்ந்தது.

உன் மகனுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவேன். ஆயில் கேன், மீசை, ஃபோர்மேனின் தோள், எல்லாம் இருக்கும், சிரிப்பார்கள். நீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொன்னதையும் எழுதலாம் என்றுதான் பார்க்கிறேன். எழுதினால் அடுத்த வரியில் நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். நினைவு மலரில் ஒரு பக்கத்துக்கு மேல் இடம் கிடையாது.

நம் ஆட்களில் இன்னும் நாலைந்து பேர் மிச்சம். அவர்கள் இருக்கும் வரை எங்கே பார்த்தாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இதுவரை அதற்குத் திரும்பும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே திரும்பினேன். இனிமேல் உன்னைத் திட்ட முடியாது. பதினோரு நாள் எனக்குச் சொந்தமாக இருந்த பெயர் அது. மீதி முப்பது வருடமும் அதற்குத் திரும்பிய ஆள் அந்தப் பெயருக்கு உரியவன் இல்லை.

சட்டையை நாற்காலியில் போட்டேன். நைட்டி கொக்கியிலேயே இருக்கிறது.